தங்கபுஷ்பம் சொன்ன சாட்சி

அந்த நாக்காலி வேண்டாம் தம்பி, அதுல ஒரு காலு ஆடுது. இங்ஙன வாங்க, ஃபேனுக்குக் கீழ. யாருக்கு, அம்மாவுக்கா? என்ன ஆபரேசன்? ஓ, கர்ப்பப்பையா. அதுக்கெல்லாம் பயப்படாதிய. எங்க ஊர்ல எத்தனையோ பேரு எடுத்துட்டு வந்து நடமாடிக்கிட்டுத்தான் இருக்காவ. எனக்கா? எனக்கேதான் ஆபரேசன். குடல்ல ஒரு கட்டி. பாத்தா நோயாளி கணக்கா இல்லன்னுதான பாக்கிய? எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ. இந்தப் பச்சச் சட்டையப் பாருங்க, முதுகு பூரா தொறந்து கெடக்கு. அதான் துண்டப் போத்திக்கிட்டு சுவத்த ஒட்டி உக்காந்திருக்கேன். ஒரு மனுசனுக்கு இதவிடக் கேவலம் உண்டா?

வீட்டுக்காரி கீழ மருந்துக்கடைக்குப் போயிருக்கா. கூட்டமா இருக்கும், வர நேரமாவும். அவ வாறதுக்குள்ள உங்ககிட்ட ஒரு உதவி கேக்கணும். ஆனா வெவரம் சொல்லாமக் கேட்டா நீங்க என்னய ஒரு மாதிரி நெனப்பிய. அதனால வெவரத்த மொதல்ல சொல்லிருதேன்.

நீங்க வேதக்காரங்களா, கிறிஸ்தவங்களா? இல்லியா. சரி, சாமி கும்பிடுதவியதான, அது போதும். எங்க கோயில்ல சாட்சின்னு ஒண்ணு உண்டு. கோர்ட்டு சாட்சி இல்ல. ஆண்டவரு நமக்கு என்ன செஞ்சாருன்னு நாலு பேரு முன்னால எந்திச்சு நின்னு சொல்லணும். நோய் தீந்தது, குடிய விட்டது, புள்ள இல்லாம இருந்து புள்ள பெறந்தது, இப்படி. ஏனோதானோன்னு சொல்லப்படாது, கேக்கவன் கண்ணுல தண்ணி வரணும். அதுல சுவாமிதாச அடிச்சிக்கிட எங்க பேரின்பபுரத்துல ஆளு கெடையாது. சுவாமிதாஸ்னா நான்தான். பஸ்ல கண்டக்டரா இருந்து ரிட்டயரானவன். மைக்கு இல்லாமலே கடைசி பெஞ்சுக்குக் கேக்கும். கன்வென்சன் கூட்டத்துக்கு வெளியூர்ல இருந்துகூட என்னயக் கூப்பிட்டிருக்காவ.

என் சாட்சி என்னன்னா, மஞ்சக்காமாலை. இருவது வருசத்துக்கு மேல இருக்கும். முத்திப் போச்சு. நெனவு தப்பிட்டு. டாக்டரு வெளிய வந்து, சொந்தக்காரங்களுக்குச் சொல்லிவிட்டுருங்கன்னு சொல்லிட்டாரு. எங்க அண்ணன் கல்லறைத் தோட்டத்துல எடம் பாக்கவே ஆளு அனுப்பிட்டான். அப்ப என் பொஞ்சாதி தங்கபுஷ்பம் என்ன செஞ்சா? ஆஸ்பத்திரி வராந்தாவுல, போறவன் வாறவன் எல்லாம் பாக்க, வெறுந்தரையில முழங்கால் போட்டா. "ஆண்டவரே, என் புருசன் உயிரத் தாரும்"னு கேட்டா. சாயங்காலம் போட்ட முழங்கால், விடியிற வர எடுக்கல. இந்த எடத்துல நான் ஒரு நிறுத்து நிறுத்துவேன், பாத்துக்கிடுங்க. சபை அப்படியே ஊசி விழுந்தாக் கேக்கும். பொறவு மெதுவாச் சொல்லுவேன், "விடிஞ்சது. கண்ண முழிச்சேன்"னு. எல்லாரும் ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்னு சொல்லுவாவ.

அழ வச்சாச்சுன்னா கொஞ்சம் சிரிக்கவும் வைக்கணும்லா. அதுக்கும் ஒண்ணு வச்சிருக்கேன். கண்ண முழிச்ச உடனே நான் அவகிட்ட கேட்ட மொத வார்த்த என்ன தெரியுமா? "ஏட்டி, சேலைய ஏன் இப்படிக் கசக்கி வச்சிருக்க, நாலு பேரு வந்து போற எடத்துல?"ன்னு கேட்டேன். சாவுக்குப் போயிட்டு வந்தவன் கேக்க கேள்வியப் பாருங்க! எல்லாரும் விழுந்து விழுந்து சிரிப்பாவ. நீங்க சிரிக்கல. பரவால்ல, உங்களுக்கு அம்மா கவல.

நான் சொல்லும்போது அவ பொம்பளைங்க பக்கத்துல தலையக் குனிஞ்சிக்கிட்டு உக்காந்திருப்பா. ஒரு நாளும் நிமிந்து பாத்ததில்ல. தாழ்மைன்னு நெனச்சேன். நம்மள இம்புட்டுப் புகழுதாவளேன்னு கூச்சப்படுதான்னு நெனச்சேன்.

இப்படி நல்லாப் போய்க்கிட்டிருந்த சபைக்குப் புது ஐயர் வந்தாரு. எங்க பக்கத்துல பாதிரியார ஐயர்னுதான் சொல்லுவோம். ஜாய்சன் ஐயர். சின்ன வயசு, மோட்டார் சைக்கிள்ல வருவாரு. அவரு வந்து, "வாரா வாரம் பக்கத்துல பக்கத்துல உக்காருதோம், ஒருத்தர் மனசு ஒருத்தருக்குத் தெரியல. இனிமே பத்துப் பத்துக் குடும்பமாச் சேந்து வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு வீட்டுல கூடணும். எல்லாரும் அவியவிய சாட்சியச் சொல்லணும். அப்பதான் சபை குடும்பமாவும்"னாரு. நல்ல காரியம்தான. எங்க பத்து வீட்டுக்கு என்னயத்தான் தலைவரா வச்சாரு. வேற யார வைப்பாரு?

ஐயர் ரெண்டு சட்டம் போட்டாரு. ஒண்ணு, ஒருத்தர் சாட்சி சொல்லி முடிச்சா யாரும் மறுகேள்வி கேக்கப்படாது. ரெண்டாவது, தலைவரா இருக்கவன் உடனே எந்திச்சு, அவிய சொன்னதையே எடுத்துச் சொல்லி ஆண்டவருக்கு நன்றி செலுத்தி ஜெபிக்கணும். இப்ப ஒருத்தன் எனக்கு வேல கெடச்சிதுன்னு சொன்னா, "ஆண்டவரே, இந்தச் சகோதரனுக்கு வேல குடுத்தீரே, ஸ்தோத்திரம்"னு சொல்லணும். நமக்கு அது அல்வா சாப்பிட்ட மாதிரி. கண்டக்டர் விசில் ஊதுன கணக்கா டக்கு டக்குன்னு முடிச்சு விட்டுருவேன்.

கொஞ்ச வாரம் போச்சு. ஆம்பளைங்கதான் பேசிக்கிட்டிருந்தோம். ஐயர் ஒரு நாள் வந்து உக்காந்து பாத்துட்டு, இதுவர வாயத் தொறக்காதவங்க இனி பேசணும்னுட்டாரு. அடுத்த வெள்ளி எங்க வீடு. "அம்மா, நீங்கதான் மொதல்ல"ன்னு புஷ்பத்தக் கைகாட்டிட்டுப் போயிட்டாரு. எனக்கு ஒரே சந்தோசம். ஆனா பயமும் உண்டு. அவ நாலு பேரு முன்னால பேசுனதே கெடையாது. அந்த வாரம் பூரா நான் சாப்பிடும்போதெல்லாம் சொல்லிக் குடுத்தேன். "நீளமா வேண்டாம்ட்டி. வராந்தாவுல முழங்கால் போட்டேன். இவிய உயிரக் கேட்டேன். ஆண்டவர் தந்தார். இம்புட்டுதான். மிச்சத்த நான் ஜெபத்துல கட்டிச் சேத்துருவேன்"னு. தலைய ஆட்டிக் கேட்டுக்கிட்டா. அந்தத் தலையாட்டலத்தான் நான் நம்புனேன்.

வெள்ளிக்கிழமை வந்தது. பாய் விரிச்சு எல்லாரும் உக்காந்தாச்சு. அவ பயறு அவிச்சு, காப்பி போட்டு மூடி வச்சிட்டு, ஈரக்கைய சேலையில தொடச்சிக்கிட்டே வந்து நின்னா. என்ன சொன்னா தெரியுமா?

"இவிய எப்பவும் சொல்லுவாவ, நான் முழங்கால் போட்டேன்னு. அது மெய். இவிய உயிரக் கேட்டேன்னு சொல்லுவாவ. நான் உயிரக் கேக்கல. எடுத்துக்கிடும் ஆண்டவரேன்னுதான் கேட்டேன். எனக்குப் போதும், இவியள எடுத்துக்கிடும்னு விடிய விடிய அதையே கேட்டேன். விடிஞ்சப்ப கண்ண முழிச்சு என் சேல கசங்கியிருக்குன்னாவ. அன்னையில இருந்து நான் ஆண்டவர்கிட்ட ஒண்ணும் கேக்கதில்ல. கண்ண மூடுவேன், சும்மா இருப்பேன். அவரும் கோவிக்கல. பக்கத்துல சும்மா இருக்காரு. இதான் என் சாட்சி."

அம்புட்டுதான். உக்காந்துட்டா.

தம்பி, எனக்குக் காதுக்குள்ள பஸ் இஞ்சின் ஓடுத மாதிரி இரைச்சல். கோவம்கூட வரல, கேட்டியளா. கோவம் வந்திருந்தா நல்லாருக்கும். எல்லாரும் என்னயப் பாக்காவ. மறுகேள்வி கேக்கப்படாதுன்னு சட்டம். ஏன்ட்டின்னு ஒரு வார்த்த கேக்க முடியாது. அதோட, எந்திச்சு ஜெபிக்க வேண்டியவன் நான்! எந்திச்சேன். வேற என்ன செய்ய? "ஆண்டவரே, எங்க சகோதரியின் சாட்சிக்காக ஸ்தோத்திரம்"னு ஆரம்பிச்சேன். பொஞ்சாதிய சகோதரின்னு சொல்லிட்டேன், பழக்கதோசம். "அவளுடைய ஜெபத்தை நீர்..." அங்ஙன நின்னு போச்சு. என்னன்னு முடிக்க? முப்பது வருசம் பஸ்லயும் மேடையிலயும் பேசுன வாயி. கடைசில, "அவளுடைய ஜெபத்தைக் கேளாமல் போனபடியால் உமக்கு ஸ்தோத்திரம்"னு வந்துட்டு.

பக்கத்து வீட்டு டெய்சி டீச்சர்தான் மொதல்ல சிரிச்சது. களுக்குன்னு சத்தம் கேட்டுது. பொறவு ஒவ்வொருத்தரா, பொறவு மொத்தப் பேரும். அவளும் சிரிச்சா தம்பி. முந்தானைய வாயில வச்சிக்கிட்டு, தோளு குலுங்கச் சிரிச்சா. அப்படி அவ சிரிச்சு நான் பாத்ததே இல்ல. சிரிச்சிக்கிட்டே இருந்தவ அழ ஆரம்பிச்சா. பொம்பளைங்க எல்லாரும் அவளக் கெட்டிப் புடிச்சிக்கிட்டாவ. காப்பி ஆறிப் போச்சு. நான் ஒருத்தன்தான் நடு வீட்டுல நட்ட கம்பு கணக்கா நிக்கேன்.

நான் கேக்கேன், அது சாட்சியா? அதுல ஆண்டவர் என்ன செஞ்சாரு? சும்மா பக்கத்துல இருக்காராம். சும்மா இருக்கதுக்கு ஒரு ஆண்டவரா?

ஆனா அதுக்கு அப்புறம் நடந்ததுதான் எனக்கு விளங்கவே இல்ல. அடுத்த வெள்ளி டெய்சி டீச்சர் எந்திச்சு, தன் மக வேற மதத்துல கட்டிக்கிட்டதுல இருந்து ரெண்டு பேரும் பேசிக்கிடதில்லன்னு அழுதாவ. ஊருக்கே வெளிநாட்டுல இருக்கான்னு சொல்லிக்கிட்டிருந்த மக! பலசரக்குக் கடை ஒபேது, மகன் ஆக்சிடென்டுல போனதுல இருந்து பைபிளத் தொறக்கவே இல்லன்னான். அவன் கோயில்ல காணிக்க எடுக்க ஆளு. நான் எந்திச்சு எந்திச்சு ஸ்தோத்திரம் சொல்லுதேன், எதுக்குச் சொல்லுதேன்னு எனக்கே தெரியல. இப்ப அந்தப் பத்து வீடும் ஒரு வீடு கணக்கா ஆயிட்டு. ஒருத்தர் வீட்டுல குழம்பு வச்சா நாலு வீட்டுக்குப் போவுது. டீச்சரும் மகளும் போன்ல பேசிக்கிடுதாவளாம். பொம்பளைங்க சாயங்காலம் ஆனா எங்க அடுப்படியிலதான் இருக்காவ. நான் உள்ள போனா பேச்சு நின்னுரும். "வாங்க அண்ணாச்சி, காப்பி குடிக்கியளா"ம்பாவ. என் வீடு தம்பி. எனக்கே விருந்தாளி மரியாத.

நீங்க நெனைக்கலாம், நான் குடிகாரன், அடிக்கவன்னு. சத்தியமாச் சொல்லுதேன், இந்தக் கை அவ மேல பட்டது கெடையாது. பீடி உண்டா, கிடையாது. சம்பளம் அப்படியே வீட்டுக்கு வரும். அவளும் ஒரு கொறையும் வச்சதில்ல. விடியக்கால டூட்டின்னா எனக்கு முன்னால எந்திச்சு சுடுசோறு வடிச்சு, தூக்குவாளியில கட்டித் தருவா. பழைய சோறு எனக்கு ஒத்துக்கிடாது. காய்ச்சல்னாலும் எந்திச்சிருவா. மனசுல பாசம் இல்லாமலா அப்படிச் செய்வா?

அவ அம்மா சாகக் கெடந்ததுல மட்டும் ஒரு மனவருத்தம் உண்டு. அது அந்தக் காமாலை வந்த வருசம்தான், அதுக்குக் கொஞ்சம் முந்தி. பாக்கப் போறேன்னு கேட்டா. நான் போகாதன்னு சொல்லல. அசனம் முடியட்டும்னேன். அசனம்னா கோயில்ல ஊரு பூராவுக்கும் சமைச்சுப் போடுத பண்டிகை. நான் அதுல கமிட்டி. வீட்டுல விருந்தாளிய வாறப்ப வீட்டுக்காரி இல்லன்னா எப்படி? அசனத்தன்னைக்கே அந்தம்மா போய்ச் சேந்துட்டாவ. அது என் கையிலயா இருக்கு? நான்தான் வேன் புடிச்சு அடக்கத்துக்குக் கூட்டிட்டுப் போனேன். பொறவு பாட்டு. கல்யாணத்துக்கு முந்தி அவ ஊரு பாடகர் குழுவுல பாடுவாளாம். கட்டிக்கிட்டு வந்தப்பறம் எங்க கோயில்லயும் கூப்பிட்டாவ. குடும்பப் பொம்பள எதுக்கு முன்னால போய் நிக்கணும், வீட்டுல பாடுன்னேன். பாடாதன்னு சொல்லல, பாத்துக்கிடுங்க. வீட்டுல பாடுன்னுதான் சொன்னேன். அவ பாடல. அதுக்கு நான் என்ன செய்ய?

இதுக்காகவா ஒருத்தி புருசன எடுத்துக்கிடும்னு கேப்பா? வேற ஏதோ இருக்கு தம்பி. யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன், எனக்குத் தட்டுப்படல.

ஐயர்கிட்டயே போய்க் கேட்டேன். "ஐயரே, இத்தன வருசமா நான் சொன்ன சாட்சி பொய்யாப் போச்சே. இனி எந்த மொகத்தோட மேடையில ஏறுவேன்?"னு கேட்டேன். "நீங்க பிழைச்சது மெய்தான அண்ணாச்சி"ன்னாரு. "யாரு ஜெபிச்சுப் பிழைச்சேன்? ஒருத்தரும் கேக்காத உயிர ஆண்டவர் எதுக்குத் தந்தாரு?"ன்னேன். "வீட்டுல அம்மாகிட்ட இதப் பேசுனியளா?"ன்னு கேட்டாரு. சட்டம் போட்டது நீருதான ஐயா, மறுகேள்வி கேக்கப்படாதுன்னு! அத நான் சொன்னதும் அவரு தலையில கைய வச்சிக்கிட்டாரு.

மெய்யாவே நான் கேக்கல தம்பி. ஒரு தடவ, சாப்பிடும்போது, "புஷ்பம்"னு கூப்பிட்டேன். "என்ன, மோரு வேணுமா?"ன்னா. ஆமான்னுட்டேன். மோரு ஊத்துனா. குடிச்சிட்டு எந்திச்சிட்டேன்.

இப்ப இந்தக் கட்டி வந்து நிக்கி. டாக்டரு வெட்டி எடுத்துருவோம்னுதான் சொல்லுதாரு. ஆனா வயசு, சுகரு, பழைய காமாலையில ஈரலும் சரியில்ல, அதனால ஒண்ணும் உறுதியாச் சொல்ல முடியாது, வீட்டுக்காரங்க கையெழுத்துப் போடணும்னுட்டாரு. நேத்து அவதான் போட்டா. போடும்போது அவ மொகத்தையே பாத்தேன். ஒண்ணும் தெரியல. பேருக்குக் கீழ ஒரு கோடு இழுத்துட்டு, பேனாவ மூடி நர்ஸ்கிட்ட குடுத்தா. பொறவு என் காலுக்குப் போர்வைய இழுத்து விட்டா. நல்லாத்தான் பாத்துக்கிடுதா. எப்பவும் நல்லாத்தான் பாத்துக்கிட்டா. அதுலதான் ஒண்ணும் கண்டுபிடிக்க முடியல.

நானா ஜெபம் பண்ணிப் பாத்தேன். வாயத் தொறந்தா மேடைச் சாட்சிதான் வருது. "வராந்தாவுல ஒருத்தி முழங்கால் போட்டா"ன்னு பழக்கத்துல வந்துருது. வந்ததும் நின்னு போவுது.

இன்னும் கொஞ்ச நேரத்துல கூப்பிட்டுருவாவ. உள்ள போறதுக்கு முன்னால பல்செட்டக் கழத்திக் குடுக்கணுமாம். பல்லு இல்லாம நான் பேசுனா எனக்கே விளங்காது. கேக்கணும்னா அதுக்கு முந்திக் கேக்கணும். "ஏட்டி, இப்ப என்ன கேப்ப?"ன்னு ஒரே ஒரு வார்த்ததான். வேற பொம்பளைன்னா, "சும்மா கெடங்க, நல்லபடியா வருவிய"ன்னு வாய்க்கு வந்ததச் சொல்லி அனுப்பிருவா. இவ அப்படி இல்ல. நான் கேட்டா உள்ளதச் சொல்லிருவா. அவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது தம்பி. அதான் எனக்குப் பயம்.

இந்தா, லிஃப்ட விட்டு இறங்கி வாறா பாருங்க. அந்த ஊதாச் சேலை, கையில மருந்துப் பை. வேகமா நடக்க மாட்டா, மூட்டு வலி.

நான் உங்ககிட்ட கேக்கணும்னு நெனச்சது இதான். நான் உள்ள போனதும் அவ வராந்தாவுல போய் இருந்தாலும் இருப்பா. கண்ண மூடுதாளா, ஏதாவது கேக்காளான்னு நீங்க கொஞ்சம் பாத்து எனக்குச் சொல்ல முடியுமான்னு கேக்க நெனச்சேன். இப்ப வேண்டாம். நான் திரும்பி வந்தா எனக்கு ஒண்ணும் சொல்லாதிய. சும்மா அவ பக்கத்துல உக்காந்துக்கிடுங்க, அம்புட்டுதான். ஒத்தையில இருப்பா.

வா புஷ்பம். மருந்து எல்லாம் கெடச்சிட்டா? இந்தத் தம்பி, அம்மாவுக்கு ஆபரேசன்னு வந்திருக்கு. சும்மா பேசிக்கிட்டிருந்தோம். என்னது, நர்ஸம்மா கூப்பிடுதாவளா? சரி. ஒரு நிமிசம் நில்லு. ஏட்டி... நீ...

ஒண்ணும் இல்ல. கையக் காட்டு, பல்லக் கழத்தித் தாறேன்.